கற்பித்தலும் தேர்வும்: தமிழ்நாட்டுப் பள்ளி மதிப்பீட்டு முறைகள், ஒரு திறனாய்வு

பள்ளித் தேர்வு என்பது மாணவர் கற்றதை அளந்து பார்க்கும் கருவி. நடைமுறையில் அது கற்பித்தலையும் தன் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. எது கேட்கப்படுமோ அது நடத்தப்படுகிறது. எது கேட்கப்படாதோ அது பாடநூலிலேயே தங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் திண்ணைப் பள்ளிக் காலம் முதல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வரை பல மதிப்பீட்டு முறைகள் வந்துள்ளன. அவை மாணவரின் கற்றலுக்கும் வளர்ச்சிக்கும் எந்த அளவு துணை நின்றன என்பதைச் செட்டிநாட்டுப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. அதற்கு அளவுகோலாக ஒரு கேள்வி எடுத்துக்கொள்ளப்படுகிறது: தேர்வு முடிந்தபின் அதன் செய்தி யாரிடம் போய்ச் சேருகிறது? குழந்தையிடமா, மேலிடத்திடமா?

சிவகங்கை மாவட்டத்தின் முதலிடம்

2025 மே மாதம் வெளியான பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு முடிவுகளில் சிவகங்கை மாவட்டம் 98.31 விழுக்காடு தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. மாநிலச் சராசரி 93.80. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் (2023 இல் 97.53, 2024 இல் 97.02) இம்மாவட்டம் இரண்டாம் இடத்தில் இருந்தது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் ஆகிய செட்டிநாட்டு ஊர்களும், மானாமதுரை, இளையான்குடி, காளையார்கோவில் போன்ற பகுதிகளும் அடங்கிய மாவட்டம் இது. பெரும்பகுதி கண்மாய்ப் பாசனத்தையும் மழையையும் நம்பிய வறண்ட நிலம். இங்கே நூற்றுக்கு 98 பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டுவது சிறிய செய்தி அன்று. காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு எடுத்த ஆசிரியர்களின் உழைப்பும், வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகளின் உழைப்பும் அதில் இருக்கின்றன.

ஆனாலும் அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். தேர்ச்சி என்றால் ஒவ்வொரு பாடத்திலும் 100க்கு 35. கணக்குப் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் வினாத்தாள் அமைப்பில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10. ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10. எட்டு மதிப்பெண் வினாக்கள் 2. எட்டு மதிப்பெண் வினா இரண்டில் ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். அவற்றில் 16 மதிப்பெண். பாடநூலின் பயிற்சிகளில் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்தால் 14 வரை கிடைக்கும். கூட்டினால் 30. மேலும் மூன்று இரண்டு மதிப்பெண் வினாக்கள் போதும், 36 ஆகிவிடும்.

இக்கணக்கு எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பின்தங்கிய மாணவர்கள் 'மெல்லக் கற்போர்' என்று தனியே பிரிக்கப்படுகிறார்கள். அவர்கள் கையில் 'மினிமம் மெட்டீரியல்' எனப்படும் குறைந்தபட்சப் பாடத்தொகுப்பு தரப்படுகிறது. அடுத்தடுத்த திருப்புதல் தேர்வுகளில் அதே வினாக்கள் சுழன்று வருகின்றன. வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் படிகளை மாணவர் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகிவிடுகிறது. தொடுகோடு என்றால் என்ன, அது ஆரத்துக்கு ஏன் செங்குத்தாக நிற்கிறது என்று கேட்டால் பதில் வராது. இரண்டு பின்னங்களைக் கூட்டத் தெரியாமலேயே கணக்கில் தேர்ச்சி பெற வழி இருக்கிறது.

ஆசிரியரை இதில் குறை சொல்வது எளிது. ஒரு மாணவி தேர்ச்சி பெறாவிட்டால் அவளுடைய படிப்பு அங்கேயே நின்று, திருமணப் பேச்சு தொடங்கிவிடக்கூடும் என்பதை அறிந்த ஆசிரியர் 36 மதிப்பெண்ணுக்கு வழி காட்டுவது கருணையும்கூட. குறை அந்தக் கருணையை ஒரே வழியாக ஆக்கிய அமைப்பில் இருக்கிறது. அவளுக்குப் பின்னம் தெரியவில்லை என்ற செய்தி ஆறாம் வகுப்பிலேயே யாருக்கோ தெரிந்திருக்க வேண்டும். அது ஏன் உரிய நேரத்தில் உரிய இடத்தைச் சேரவில்லை என்பதற்கான விடை மதிப்பீட்டு முறைகளின் வரலாற்றில் இருக்கிறது.

திண்ணைப் பள்ளியும் பெட்டியடிப் பையனும்

ஆங்கிலேயர் முறைக்கு முன் தமிழகத்தில் பரவலாக இருந்தவை திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுதிப் பழகி, பின் ஓலைக்கு மாறுவது வழக்கம். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியவற்றை முறை வைத்துச் சொல்வார்கள். முந்திரி (320இல் ஒன்று), காணி (80இல் ஒன்று), மா (20இல் ஒன்று) போன்ற கீழ்வாய் எண்கள் சிறுவர்களின் நாவில் இருந்தன. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களின் பாடத்தைக் கேட்டுத் திருத்துவான். சோதனை தினமும் நடந்தது. பிழை அந்த இடத்திலேயே திருத்தப்பட்டது.

சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரு பெல், இங்குள்ள பள்ளியில் சிறுவர்கள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் விடுதியில் புகுத்தினார். மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் கையாண்டார். 1797 இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

திண்ணைப் பள்ளியை வெறும் மனப்பாடப் பள்ளி என்று ஒதுக்குவது வழக்கம். செந்தில் பாபு தமது கணித வரலாற்று ஆய்வில் இப்பார்வையை மறுக்கிறார். அப்பள்ளிகளில் நினைவு என்பது கற்பதற்கான வழியாகவே இருந்தது என்றும், அளவைகளும் கணக்குகளும் ஊரின் வேலைகளோடு இணைந்திருந்தன என்றும் அவர் காட்டுகிறார்.

செட்டிநாட்டில் இந்த இணைப்பு தெளிவாகத் தெரிந்தது. பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் குடும்பங்களில் சிறுவர்கள் கணக்கை ஊரில் கற்று, பின் கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனார்கள். படிப்படியாக அடுத்தாளாகவும் ஏஜெண்டாகவும் உயர்ந்தார்கள். அங்கே தனியாகத் தேர்வு கிடையாது. பேரேடு நேராக வர வேண்டும். ஐந்தொகை ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் பிழை எங்கே என்று சிட்டையில் தேடிக் கண்டுபிடிக்கும்வரை வேலை முடியாது. பிழையைக் கண்டுபிடிப்பது கற்றலின் பகுதியாக இருந்தது.

இம்முறையைப் போற்றும்போது அதன் இருட்டையும் சொல்ல வேண்டும். திண்ணைப் பள்ளியில் பிரம்பும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தன. பெண் பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளும் பெரும்பாலும் உள்ளே வரவே முடியவில்லை. கடையில் கற்கும் வாய்ப்பு ஒரு சமூகத்தின் ஆண்களுக்கு மட்டுமே உரியது. எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், பெயர் தெரியாத திருத்துநர் என்ற பொதுத் தேர்வு முறைக்கு ஒரு சமத்துவ மதிப்பு இருப்பது இதனால்தான். அதை முற்றாக ஒழித்துவிடச் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பொதுத் தேர்வின் வருகை

சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை 1911 இல் கொண்டுவரப்பட்டது. அச்சான்றிதழ் ஒரு சிறு புத்தகமாக இருந்தது. பழைய தலைமுறையினர் அதை 'எஸ்.எஸ்.எல்.சி. புக்' என்றே சொல்வார்கள். பள்ளியில் பெற்ற மதிப்பெண்களையும் பொதுத் தேர்வு மதிப்பெண்களையும் சேர்த்துப் பதிவது அதன் நோக்கம். காலப்போக்கில் பொதுத் தேர்வு மதிப்பெண்ணே எல்லாமும் ஆனது. 1978 இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபின் பிளஸ் டூ மதிப்பெண் பொறியியல், மருத்துவச் சேர்க்கையோடு பிணைந்தது. முதல் மதிப்பெண், 'சென்டம்' என்ற சொற்கள் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளில் ஏறின.

இதன் விளைவுக்கு நல்ல சான்று பதினொன்றாம் வகுப்பின் கதை. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. அந்த ஓராண்டுப் பாடத்துக்குப் பொதுத் தேர்வு இல்லை என்பதே காரணம். அதைச் சரிசெய்ய 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. பிள்ளைகள் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத் தேர்வு எழுதினார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வைக் கைவிட்டது. பாடத்தை நடத்த வைப்பதற்கே ஒரு தேர்வு தேவைப்பட்டது என்பது, தேர்வு கற்பித்தலை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கிறது என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம்.

பொதுத் தேர்வின் இன்னொரு இயல்பும் கவனிக்கத்தக்கது. எழுதிய தாள் மாணவரிடம் பாடமாகத் திரும்பி வருவதில்லை. பிளஸ் டூவில் கட்டணம் செலுத்தி விடைத்தாள் நகல் பெறலாம். அது மதிப்பெண்ணுக்காக வாதாடுவதற்கு. பிழையிலிருந்து கற்பதற்கு அன்று. அந்தத் தாள் அடுத்த படிப்புக்கான நுழைவுச்சீட்டாகவே முடிந்துவிடுகிறது.

ஆசிரியர் பயிற்சியில் இருந்த இரண்டு தேர்வுகள்

கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947 இல் காரைக்குடியில் கலைக் கல்லூரியைத் தொடங்கினார். அடுத்து அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் எழுந்தது. 1985 இல் அழகப்பா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. செட்டிநாட்டுப் பள்ளிகளில் பணிபுரிந்த ஆசிரியர்களில் பலர் இங்கே பயின்றவர்கள்.

பி.எட். பயிற்சியில் ஒவ்வொரு மாணவ ஆசிரியரும் இரண்டு வகைத் தேர்வுகளைப் பற்றிப் படிக்கிறார். ஒன்று அடைவுத் தேர்வு: மாணவர் எவ்வளவு கற்றார் என்று மதிப்பெண்ணால் சொல்வது. மற்றொன்று குறையறி தேர்வு: எந்த இடத்தில் தடுக்கியது என்று கண்டுபிடிப்பது. கழித்தலில் கடன் வாங்கும்போது பிழை வருகிறதா, பூச்சியம் வரும் இடத்திலா, இடமதிப்பே புரியவில்லையா என்று பிரித்துக் காட்டுவது அது. அதைத் தொடர்வது குறைதீர் கற்பித்தல்.

பணிக்கு வந்தபின் இரண்டாவது வகையைச் செய்ய நேரமும் வாய்ப்பும் மறைந்துவிடுகின்றன. காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் என்று பள்ளியில் நடப்பவை அனைத்தும் அடைவுத் தேர்வுகளே. தாள் திருத்தித் தரப்படுகிறது. மாணவர் மேலே இருக்கும் எண்ணைப் பார்க்கிறார். மறுநாள் அடுத்த பாடம் தொடங்குகிறது. மருத்துவர் காய்ச்சலை அளந்து எழுதிவிட்டு மருந்து தராமல் அடுத்தவரை அழைப்பதற்கு இது ஒப்பாகும்.

செயல்வழிக் கற்றல்: ஏணியும் அட்டையும்

இந்தக் குறையை நேராகக் கையாண்ட முயற்சி செயல்வழிக் கற்றல். ஆந்திர மாநிலம் ரிஷிவேலி கிராமக் கல்வி மையத்தில் உருவான முறையை ஏற்று, 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் இது தொடங்கப்பட்டது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் இதை முன்னெடுத்தார். 2007-08 இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது.

இம்முறையில் பாடம் சிறு சிறு படிகளாக ஏணிப்படிவத்தில் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னமும் அட்டையும் உண்டு. குழந்தை தன் அட்டையைத் தானே எடுத்துவந்து, பாயில் குழுவாக அமர்ந்து செய்தது. எட்டும் உயரத்தில் கரும்பலகை; செய்தவற்றைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். சில படிகளுக்கு ஒருமுறை மதிப்பீட்டு அட்டை வரும். தேறினால் மேலே; தேறாவிட்டால் வலுவூட்டும் அட்டை. விடுப்பு எடுத்த குழந்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அறுவடைக் காலத்திலும் ஊர்த் திருவிழாவிலும் பள்ளிக்கு வராமல் போகும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல். தேர்வு என்ற அச்சமில்லாமல் தேர்வு நடந்தது. அதன் செய்தி உடனே குழந்தைக்குப் போனது.

இதன் குறைகளும் மெய்யானவை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புப் பிள்ளைகள் வெவ்வேறு படிகளில் நிற்கும்போது ஆசிரியர் அட்டை தேடுவதிலேயே பொழுது கழிந்தது. அட்டைகள் கிழிந்தால் மாற்று வரத் தாமதமானது. கதை சொல்லுதல், முழு வகுப்பாகப் பேசுதல், நீண்ட வாசிப்பு ஆகியவை குறைந்தன. பாடநூல் இல்லாத படிப்பை ஏற்கப் பெற்றோர் தயங்கினர்; பக்கத்து ஆங்கிலவழிப் பள்ளியில் வீட்டுப்பாடம் நோட்டு நிறைய வந்தது. பின்னர் முறை எளிமையாக்கப்பட்டு, ஏணி மெல்லப் பின்னுக்குப் போனது. மேலிருந்து ஒரே ஆணையில் எல்லாப் பள்ளிக்கும் வந்த முறை, அதை உள்வாங்கிய ஆசிரியர் கையில் உயிரோடும், உள்வாங்காதவர் கையில் சடங்காகவும் இருந்தது.

முப்பருவமும் வளரறி மதிப்பீடும்

2009 இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவைக்கக் கூடாது, தொடர் மதிப்பீடு நடத்த வேண்டும் என்பவை அதன் முக்கிய விதிகள். தமிழ்நாட்டில் 2012-13 இல் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும் முப்பருவ முறையும் முழுமையான தொடர் மதிப்பீடும் வந்தன. பாடநூல் மூன்றாகப் பிரிக்கப்பட்டதால் புத்தகப் பையின் எடை குறைந்தது. மதிப்பெண்ணில் 60 பருவ இறுதியின் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு. 40 வளரறி மதிப்பீட்டுக்கு. வளரறி (அ) என்பது செயல்பாடுகள். வளரறி (ஆ) என்பது சிறு தேர்வுகள்.

கருத்தளவில் இது குறையறி தேர்வை வகுப்பறைக்குள் கொண்டுவரும் ஏற்பாடு. நடந்தது வேறு. செயல்பாடு என்பது அட்டையில் படம் ஒட்டுவதாகக் குறுகியது. கடையில் விற்கும் படத்தாள்களும் பெற்றோர் செய்துதந்த மாதிரிகளும் மதிப்பெண் பெற்றன. நாற்பதுக்கு முப்பத்தெட்டு எல்லாருக்கும் கிடைத்தது. ஆசிரியர் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் பதிவேடு எழுதினார். பார்வையிட வரும் அலுவலர் அதைப் பார்த்தார். குழந்தை அதைப் பார்க்கவில்லை. வளர்ச்சியை அறிய வந்த முறை, வளர்ச்சி நடந்ததாகக் காட்டும் முறை ஆயிற்று.

இது தமிழ்நாட்டின் தனிக் குறை அன்று. அரியானா மாநிலப் பள்ளிகளில் நடந்த ஓர் ஒப்பாய்வை ஜேம்ஸ் பெரியும் உடன் ஆய்வாளர்களும் 2020 இல் வெளியிட்டனர். தொடர் மதிப்பீடு நடந்த பள்ளிகளில் மாணவரின் கற்றலில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை. பிள்ளைகளை வகுப்புப்படி பிரிக்காமல் அவர்கள் நிற்கும் நிலைப்படி பிரித்துக் கற்பித்த பள்ளிகளில் மொழித்திறன் உயர்ந்தது. அளப்பதால் மட்டும் எடை கூடுவதில்லை. அளந்ததற்கேற்பக் கற்பித்தல் மாறினால்தான் பயன் என்பதே அதன் சாரம்.

மீண்டும் தேர்வா, மீண்டும் எழுத்தா

2019 இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டதும், ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு நடத்தத் தமிழ்நாடு அரசு அந்த ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது. பெற்றோரும் கல்வியாளர்களும் எதிர்த்தனர். 2020 பிப்ரவரியில் அறிவிப்பு கைவிடப்பட்டது. பத்து வயதுக் குழந்தையைத் தோல்வியடைந்தவர் என்று முத்திரை குத்தினால் இடைநிற்றல் கூடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் நிறுத்திவைக்காமல் மேலே அனுப்புவதோடு கடமை முடிந்துவிடுகிறதா என்ற கேள்விக்கு எதிர்ப்பாளர்களிடமும் முழுமையான விடை இல்லை. படிக்கத் தெரியாத குழந்தையை நிறுத்திவைப்பதும் கைவிடுவது. கற்பிக்காமல் மேலே தள்ளுவதும் கைவிடுவது.

அடுத்த மாதமே கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இடைவெளியை நிரப்ப 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவின் பெண்கள், மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தனர். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் கிராமப்புறத் தமிழ்நாட்டில் செய்த ஆய்வின்படி, இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டது. அந்த மீட்சியில் சுமார் நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் விளைந்தது. பதிவேடும் மதிப்பெண்ணும் அதிகமில்லாத அந்த மாலை வகுப்பு, திண்ணைப் பள்ளியின் ஒரு நல்ல கூறைப் பிரம்பும் சாதித் தடையும் இல்லாமல் மீட்டுக் கொண்டுவந்தது என்று சொல்லலாம்.

2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. 2023-24 இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. தொடக்க வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கேற்பப் பயிற்சி நூல்கள் உருவாயின. நிலையறிந்து கற்பித்தல் என்ற சரியான கொள்கை இதில் உண்டு. ஆனால் மதிப்பீடுகளைச் செயலியில் பதிவேற்றும் சுமை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் அமைப்புகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. வகுப்பறையில் முப்பது பிள்ளைகள் காத்திருக்க, ஆசிரியர் கைபேசியில் இணையச் சிக்னலைத் தேடும் காட்சி, வளரறி பதிவேட்டின் புதிய பதிப்பு. செய்தி மீண்டும் மேல்நோக்கியே போகிறது.

ஆய்வுகள் காட்டும் வழி

தேர்வே கூடாது என்பது உளவியல் ஆய்வுகளின் முடிவு அன்று. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைப் படித்தபின் மீண்டும் படித்தவர்கள் சில நிமிடங்களில் நடந்த தேர்வில் முந்தினர். ஆனால் ஒரு வாரம் கழித்து, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். நினைவிலிருந்து எடுப்பது நினைவை வலுப்படுத்துகிறது. எண்சுவடியை முறை சொன்ன சிறுவர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

எந்த வகைத் திருத்தம் பயன் தரும் என்பதற்கு ரூத் பட்லர் 1988 இல் இஸ்ரேல் பள்ளி மாணவரிடம் செய்த ஆய்வு விடை தருகிறது. ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்புரை மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்களே ஆர்வத்திலும் செயலிலும் முன்னேறினர். மதிப்பெண்ணும் சேர்ந்து வந்தபோது குறிப்புரையின் பயன் மங்கியது. எண்ணைப் பார்த்த கண் எழுத்தைப் பார்ப்பதில்லை. லண்டனின் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் 1998 இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, கற்றலின் நடுவே நடக்கும் மதிப்பீடு பின்தங்கிய மாணவருக்கே கூடுதல் பயன் தருகிறது என்று காட்டினர். இங்கே மினிமம் மெட்டீரியல் தரப்படுபவர்களும் அவர்களே.

மாணவர் வளர்ச்சி என்ற மறந்துபோன பகுதி

மதிப்பெண்ணின் தாக்கம் அறிவோடு நிற்பதில்லை. பதினைந்து வயதில் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் பெயர் ஏறிய மாணவர், தன்னைப் பற்றிய தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்கிறார். அப்பட்டியலில் இல்லாதவருக்கும் ஆபத்து உண்டு: 490 எடுத்தவர் 495 எடுத்தவரின் முன் தலைகுனிகிறார். 2017 இல் பொதுத் தேர்வு முடிவுகளில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு நிறுத்தியது. தோல்வியுற்றவர் ஓராண்டை இழக்காமல் இருக்க உடனடித் துணைத் தேர்வு நடக்கிறது. இரண்டும் நல்ல முடிவுகள். ஆனால் மாணவர் தரவரிசை போன இடத்தில் மாவட்டத் தரவரிசை இன்னும் இருக்கிறது. அந்த அழுத்தம் மாவட்ட அலுவலரிடமிருந்து தலைமையாசிரியருக்கும், அவரிடமிருந்து பாட ஆசிரியருக்கும், அவரிடமிருந்து கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைக்கும் இறங்குகிறது.

இழக்கப்படுபவற்றுக்குப் பட்டியல் கிடையாது. பத்தாம் வகுப்பில் விளையாட்டுப் பாடவேளை கணக்கு வகுப்பாகிறது. நூலகப் பாடவேளை சிறு தேர்வாகிறது. ஆய்வகத்தில் செய்து பார்க்க வேண்டியது வழிகாட்டி நூலில் படித்து முடிக்கப்படுகிறது. ஆத்தங்குடித் தரைக்கற்களின் கோலத்தில் சமச்சீரும், நாலுகட்டு வீட்டின் முற்றத்தில் பரப்பளவும், கண்மாயின் மடையில் நீரோட்டமும் படிக்கக் கிடைக்கும் ஊரில், வடிவியல் எட்டு மதிப்பெண் வினாவாக மட்டும் மாணவரைச் சேருகிறது.

மதிப்பீடு

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வியில் நல்ல கருத்துக்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஏணி, வளரறி மதிப்பீடு, அரும்பு, மொட்டு, மலர் ஆகிய எல்லாம் குழந்தை நிற்கும் இடத்தை அறிந்து கற்பிக்க வந்தவை. ஒவ்வொன்றும் தளர்ந்த இடம் பெரும்பாலும் ஒன்றே: குழந்தைக்காக எடுத்த கணக்கு, அலுவலகத்துக்கான கணக்காக மாறியது. பொதுத் தேர்வுக்குத் தனியான தேவை உண்டு. சமூக நீதிக்காகவும் அது நேர்மையாக நடக்க வேண்டும். ஆனால் அதன் வேலையைப் பள்ளியின் மற்ற எல்லாத் தேர்வுகளும் செய்ய வேண்டியதில்லை.

செய்யத்தக்கவை எளியவை. ஆறாம் வகுப்பில் சேரும்போதே ஒரு குறையறி தேர்வு நடத்தி, அதன் முடிவை மதிப்பெண்ணாக மாற்றாமல் பாடத்திட்டமாக மாற்றலாம். திருத்திய தாளைத் தந்தபின் ஒரு பாடவேளையைப் பிழை திருத்தத்துக்கே ஒதுக்கலாம். வகுப்புத் தேர்வுகளில் சிலவற்றுக்கு மதிப்பெண் இடாமல் குறிப்புரை மட்டும் எழுதலாம். செயலிப் பதிவைப் பருவத்துக்கு ஒன்றாகக் குறைக்கலாம். இவற்றில் முதலாவதும் கடைசியும் அரசின் கையில் இருக்கின்றன. நடுவில் உள்ள இரண்டையும் ஓர் ஆசிரியர் தம் வகுப்பிலேயே தொடங்க முடியும்.

98.31 என்பது சிவகங்கை மாவட்டம் பெருமைப்பட வேண்டிய எண். வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளை ஐந்தொகை ஒட்டியதும் பேரேட்டை மூடிவிடுவதில்லை. வராத பாக்கி எவ்வளவு என்றும் பார்ப்பார். தேர்ச்சி பெற்ற அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஒரு பக்கத்தைப் படித்துப் பொருள் சொல்லவும், ஒரு பின்னத்தைக் கூட்டவும், தெரியாததைத் தெரியாது என்று கூச்சமின்றிக் கேட்கவும் முடிகிறது என்பதே இந்தக் கணக்கில் நிற்கும் பாக்கி.